கொங்குப் பக்கத்து ஆறுகளுக்கு மீன் உயிரியலாளர் என்று யாராவது இருக்கிறார்களா? அவர் என்ன வேலை செய்வார்?

கேள்வி கேட்டவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறார். மீன்வள அறிவியல் படித்தால் கடலோரத்துக்குத்தான் போக வேண்டுமா, பவானி, அமராவதி மாதிரி ஆறுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, உண்டென்றால் அவருக்கு என்னதான் வேலை என்று கேட்டிருக்கிறார். ஆள் உண்டு. நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். பவானி, மோயாறு, அமராவதி, இவற்றின் அணைகள், கீழே இருக்கும் குளங்கள், அங்கே வேலை பார்க்கும் களப்பணியாளர்கள் என்று ஒரு வடிநிலம் முழுக்க என் மேசைக்கு வரும்.

இந்த வேலையில் எதுவுமே நம் கையில் கிடையாது. தண்ணீர் நீர்வளத் துறையுடையது. கரை பல இடங்களில் வனத்துறையுடையது. பவானிசாகர் அணையின் மேல்பக்கம் 2013இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் காடு, அமராவதிக்கு மேலே ஆனைமலைக் காடு. சாயமோ சாக்கடையோ கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பிடிக்கிற மீன் குத்தகைக்காரருக்கும் வலைக்காரருக்கும். நமக்கென்று மிஞ்சுவது மூன்றே மூன்று: எந்த மீன் குஞ்சை எப்போது விடுவது, வலைக்கண் (வலையின் ஓட்டை) எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தினசரி எழுதுகிற நோட்டு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரிடமும் போய்ப் பேசிக் காரியம் நடத்துவதுதான் உத்தியோகம். மீனைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று வருகிறவர்கள் ஒரு வருடத்தில் சலித்துப் போகிறார்கள்.

முதலில் தண்ணீர் விஷயம். பவானிசாகர் 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அணை. முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. ஈரோட்டில் டீக்கடைக்குப் போனால் "அணை எத்தனை அடி?" என்று கேட்காத விவசாயி இல்லை. கீழ்பவானி வாய்க்காலுக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் நெல்லுக்குத் திறப்பார்கள், தை மாதத்துக்குப் பக்கத்தில் கடலை, எள்ளுக்குத் திறப்பார்கள். இதற்கு நடுவில் மீனுக்கு என்று யாரும் ஷட்டரை ஒரு இஞ்ச் கூடத் தூக்க மாட்டார்கள், இறக்கவும் மாட்டார்கள். கேட்கவும் கூடாது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது, அந்தத் திறப்புத் தேதிகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டு அதற்கேற்பக் குஞ்சு விடும் நாளைத் தள்ளிப் போடுவது. நீலகிரியில் மழை பிடித்து அணை நிரம்பி உபரி போகும் வாரத்தில் குஞ்சு விட்டால் பாதி, தண்ணீரோடு கீழே கொடிவேரிக்குப் போய்விடும். கொடிவேரியில் மீன் வறுக்கிறவர்களுக்கு ஆயுசு கூடலாம், அணைக்குப் பிரயோஜனம் இல்லை.

கோடையில் இதற்கு நேர் எதிரான ஒரு மாயம் நடக்கும். சித்திரை, வைகாசியில் மட்டம் இறங்கி நீர்ப்பரப்பு சுருங்கும்போது வலையில் மீன் கொட்டும். எடை போடும் இடத்தில் ஒரே சந்தோஷம். மேலிடத்திலிருந்தும் "இந்த வருஷம் மகசூல் பிரமாதம்" என்று போன் வரும். மீன் பெருகவில்லை, இருக்கிற மீன் ஒரே இடத்தில் ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அதிலும் அடுத்த மாதம் சினை விட வேண்டிய தாய் மீன்கள் அந்தக் கும்பலில்தான் இருக்கும். அதனால் மொத்தக் கிலோவை மட்டும் எழுதினால் போதாது. எத்தனை பரிசல் போனது, ஒவ்வொருவரும் எத்தனை வலை போட்டார்கள், அன்றைக்கு மட்டம் எத்தனை அடி, இதையெல்லாம் சேர்த்து எழுதினால்தான் அந்தக் கிலோவுக்கு அர்த்தம் வரும்.

எந்தக் குஞ்சு விடுவது என்பது அடுத்தது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். தேங்கிய தண்ணீரில் இவை முட்டையிடாது, வெள்ளம் ஓட வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறை ஊசி போட்டு இந்த வகைக் கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். அதனால்தான் இன்று லட்சக் கணக்கில் குஞ்சு கிடைக்கிறது, ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் நாளாகவும் இருக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் கொட்ட முடியாது. அமராவதி முழுதாக நிரம்பினாலும் ஆயிரம் ஹெக்டேருக்குள்தான், நாட்டுக் கணக்கில் சிறிய நீர்த்தேக்கம். அங்கே விரலளவு வளர்ந்த குஞ்சை விட்டு, வளர்த்து, பிடித்து எடுப்பது கட்டுப்படியாகும். பவானிசாகர் 7,000 ஹெக்டேருக்கு மேல் விரியும். ஐந்தாயிரத்தைத் தாண்டினாலே பெரிய நீர்த்தேக்கம் என்பார்கள். அங்கே வருஷா வருஷம் குஞ்சு விட்டு மட்டும் காலம் தள்ள முடியாது. பவானியும் மோயாறும் அணைக்குள் இறங்கும் இடத்தில் மீன் தானாகவே இனம் பெருக்க வேண்டும். ஆடியில் செந்தண்ணீர் வரும்போது மீன் எதிரேறிப் போகும். ஊரில் ஏத்துமீன் என்பார்கள். அந்தச் சில வாரம் அந்த இடத்தில் வலை போடாமல் இருக்க வைத்தால் போதும், பல லாரிக் குஞ்சுக்குச் சமம் என்பது என் கணிப்பு. ஆனால் குஞ்சு விடுவதைப் படம் எடுக்கலாம், வலை போடாததை யார் படம் எடுப்பார்கள்?

வலைக்கண் பஞ்சாயத்துக்குத்தான் என் காலத்தில் பெரும்பகுதி போகிறது. இங்கே பரிசலில் போய் ரங்கூன் வலை, உடு வலை என்ற செவுள் வலைகளைப் போடுகிறார்கள். ஒரு நாள் காலையில் எடை போடும் இடத்தில் ஒரு பெரியவர் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "ஏனுங் சார், கண்ணி பெருசா இருக்கோணும்னு சொல்றீங்க. பெரிய கண்ணி போட்டா ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு மீன் உளுகுது. எங்கூட்டுல அடுப்பு எரிய வேண்டாமுங்களா?" நான் ஒன்றும் சொல்லாமல் அவர் கொண்டுவந்த ரோகு ஒன்றை வாங்கி வயிற்றைக் கீறிக் காட்டினேன். முக்கால் கிலோ கூட இல்லை. சினை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மாதிரி இரண்டு மெல்லிய பட்டை, முட்டை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்த பெரிய மீனைக் கீறினால் வயிறு நிறைய மஞ்சளாகக் குருணை போல முட்டை. அவர் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "சரிங், அந்தக் குத்தகைக்காரரு கிட்டயும் இதையே அறுத்துக் காட்டுங்" என்றார். நியாயமான பேச்சு. சின்ன மீனையும் அதே விலைக்கு எடுத்துக்கொள்கிற ஆள் இருக்கும் வரை வலைக்காரரை மட்டும் திட்டிப் புண்ணியம் இல்லை. அதற்கப்புறம் குறிப்பிட்ட எடைக்குக் கீழே இருக்கும் கெண்டைக்கு விலையைக் குறைக்கச் சொல்லிப் பேச ஆரம்பித்தேன். சில இடத்தில் எடுபட்டது, சில இடத்தில் இல்லை.

ஜிலேபிக் கெண்டையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விட மாட்டார்கள். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் எங்கே விட்டாலும் பெருகும். அமராவதியில் ஒரு காலத்தில் பிடிபடுவதில் பெரும்பங்கு இதுதான். நாட்டுக் கெண்டைகளுக்கு அது போட்டி, சந்தேகமில்லை. ஆனால் உடுமலைச் சந்தையில் ஏழை வீட்டுக் குழம்புக்கு அதுதான் மீன். அதை ஒழிக்கிறேன் என்று கிளம்புகிற ஆள் நான் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு கதை. கண்டதையும் தின்னும், கோழிக் கழிவைப் போட்டு வளர்ப்பார்கள், வெள்ளத்தில் தப்பித்து ஆற்றுக்கு வந்துவிடும். அதை வளர்க்கவே தடை இருக்கிறது. பிடிபட்டால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள்.

மஹ்சீர் மீனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காவிரி வடிநிலத்துக்கே சொந்தமான, முதுகு திமில் வைத்த பெரிய மஹ்சீருக்கு வெகுகாலம் சரியான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. 2018இல் மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்து ஆராய்ந்தபோது, 2007இல் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி என்ற மஹ்சீர் இனமும் இதுவும் ஒன்றுதான் என்று தெரிந்தது. பாம்பாறு எங்கே வருகிறது? நம் அமராவதிக்கு. அதே வருடம் மிகவும் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. இத்தனைக்கும் காரணத்தில் ஒன்று, நல்லெண்ணத்தில் செய்த காரியம்: மகாராஷ்டிராவின் லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகியது, திமில் மீன் குறைந்தது. இன்றைக்கும் "எங்க ஆத்துல மஹ்சீர் குஞ்சு விடலாமுங்களா, டூரிஸம் வளருமே" என்று யாராவது மனு கொடுப்பார்கள். எந்த மஹ்சீர் என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று எழுதி அனுப்புவேன். இந்த வேலையில் நான் எழுதிய உருப்படியான கடிதங்கள் பெரும்பாலும் வேண்டாம் என்று எழுதியவைதான்.

அப்புறம் "மீன் செத்து மிதக்குது" என்று வரும் போன். போனிலேயே மூன்று கேள்வி கேட்பேன்: எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், பெரிய மீன் செத்ததா சின்னதா, இறாலும் நத்தையும் உயிரோடு இருக்கின்றனவா? விடியற்காலையில், பெரிய மீன் மட்டும், வாயைத் திறந்தபடி செத்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை. இரவு முழுக்கப் பாசியும் மூச்சு விடும், பெரிய மீனுக்குத் தேவை அதிகம், அது முதலில் போகும். பொடி மீன் முதற்கொண்டு எல்லாமே, பட்டப்பகலில் செத்தால் விஷம் என்று சந்தேகப்பட வேண்டும். இப்போது மீட்டர் இருக்கிறது. ஆனாலும் கண்ணாடிப் பாட்டிலை விட எனக்கு மனசு வராது. தண்ணீரைக் குமிழி இல்லாமல் பிடித்து, மாங்கனீசு சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடிக் குலுக்கினால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிதிரியாக இறங்கும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கூட்டமாக நிற்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த நிறத்தைக் காட்டினால் நம்புவார்கள், மீட்டரில் ஓடும் எண்ணைக் காட்டினால் நம்ப மாட்டார்கள்.

விஷம் என்றால் நேரத்தோடு ஓட்டப்பந்தயம். தண்ணீர் ஓடிவிடும், மீன் அழுகிவிடும். ஒரு முறை மாதிரி எடுக்க வேண்டிய வேறொரு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தபோது மறுநாள் மதியம். அறிக்கையில் "குறிப்பிடத்தக்க மாசு இல்லை" என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? அதிலிருந்து என் ஆட்களின் வண்டியில் ஐஸ் பெட்டியும் சுத்தமான பாட்டிலும் எப்போதும் இருக்கும். நொய்யல் ஆற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: திருப்பூர் சாயக்கழிவு தேங்கி அதன் ஒரத்துப்பாளையம் அணை கெட்டுப்போனது ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை போனது. அங்கே மீன்வளம் என்று பேச இன்னும் நாள் ஆகும்.

மேற்பார்வை என்பது பெரும்பாலும் அடுத்தவர் நோட்டைப் படிப்பது. எடைப் பதிவேட்டில் எல்லா எண்ணும் 0இலும் 5இலும் முடிந்தால் யாரோ டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். திட்டுவதில்லை. மறுநாள் விடியற்காலை நானும் தராசு பக்கத்தில் போய் நிற்பேன். கிலோ கணக்கு தானாக 13, 27 என்று மாறிவிடும். களப்பணியாளருக்குப் பெட்ரோல் பணம் சரியாக வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது வராதபோதுதான் நோட்டு டீக்கடைக்குப் போகிறது.

படிப்பு விஷயம் சுருக்கமாக. நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலை) படிப்பு, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி உள்ளிட்ட ஊர்களில் இருக்கிறது. ஆக, படிக்கக் கடலோரம் போய்த்தான் ஆக வேண்டும், வேலைக்கு மேற்கே வரலாம். அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி வழியாக. சில பதவிகளுக்கு விலங்கியல் படித்தவர்களும் எழுதலாம், அறிவிப்பை ஒவ்வொரு முறையும் வரிவரியாகப் படியுங்கள். உள்நாட்டு மீன் என்றால் இரண்டாம் தரம் என்று வகுப்பில் சிலர் நினைப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம். மேல்படிப்பில் நீர்த்தேக்க மீன்வளமோ மீன் வகைப்பாட்டியலோ எடுத்தால் இந்தப் பக்கம் உதவும். புள்ளியியலை மட்டும் மனப்பாடம் செய்து பாஸ் ஆகாதீர்கள், தினமும் வேண்டியிருக்கும்.

நீச்சல் தெரியாது என்றால் கல்லூரி சேருமுன் பவானி வாய்க்காலிலேயே யாரையாவது கூட வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். மோயாறு இறங்கும் பக்கம் யானையும் முதலையும் உண்டு. பரிசல் ஓட்டுகிறவர் "இன்னைக்கு வேண்டாமுங் சார்" என்றால் ஏன் என்று கேட்காமல் இறங்கிவிடுங்கள்.