வளரும் சந்தை ஃபண்டு: ரிட்டர்ன் பட்டியலுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: உலகப் பங்குகளில் முதலீடு செய்யும் இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்றில் மாதாமாதம் பணம் போட்டு வருகிறேன். இப்போது வளரும் நாடுகளுக்கென்று தனியாக ஒரு ஃபண்டு சேர்க்க நினைக்கிறேன். கடந்த ஒரு வருட ரிட்டர்னை வைத்து முதலிடத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ரிட்டர்ன் பட்டியலைக் கடைசியில் பார்க்கலாம். கையில் இருக்கும் ஃபண்டு எந்தக் குறியீட்டை (இண்டெக்ஸ், அதாவது எந்தப் பங்குகள் எந்த அளவில் என்ற பட்டியல்) பின்பற்றுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஃபண்டு நிறுவனம் வெளியிடும் தகவல் தாளான ஃபேக்ட்ஷீட்டின் முதல் பக்கத்திலேயே இது இருக்கும். குறியீடுகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் எம்.எஸ்.சி.ஐ.யும் எஃப்.டி.எஸ்.இ.யும். எம்.எஸ்.சி.ஐ. வேர்ல்டு என்றால், பெயரில் உலகம் இருந்தாலும் அதில் வளர்ந்த நாடுகள் மட்டும்தான். வளரும் சந்தை அறவே கிடையாது. எம்.எஸ்.சி.ஐ. ஏ.சி.டபிள்யூ.ஐ. அல்லது எஃப்.டி.எஸ்.இ. ஆல் வேர்ல்டு என்றால், சுமார் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே வளரும் சந்தைகளில்தான் இருக்கிறது. பின்னதை வைத்திருப்பவருக்குத் தனி ஃபண்டு கட்டாயமில்லை.

தனியாக வாங்குவதாக முடிவு செய்தால், இரண்டு ஃபண்டுகளும் ஒரே நிறுவனத்தின் குறியீட்டைப் பின்பற்றட்டும். தென்கொரியாவை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். எம்.எஸ்.சி.ஐ. அதை வளரும் சந்தையாக வகைப்படுத்துகிறது, எஃப்.டி.எஸ்.இ.யோ வளர்ந்த சந்தை என்கிறது. எம்.எஸ்.சி.ஐ. வேர்ல்டு ஃபண்டோடு எஃப்.டி.எஸ்.இ. வளரும் சந்தை ஃபண்டைச் சேர்த்தால் சாம்சங் உட்பட மொத்தக் கொரியாவும் உங்கள் கையில் இருக்காது. மாற்றிச் சேர்த்தால், அதே கொரியா இரண்டு ஃபண்டுகளிலும் வந்துவிடும். போலந்துக்கும் 2018 முதல் இதே நிலைதான். இந்த இடைவெளி எந்த ஃபேக்ட்ஷீட்டிலும் எழுதப்பட்டிருக்காது; இரண்டின் நாடுவாரிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் தெரியும். எம்.எஸ்.சி.ஐ. வளரும் சந்தைக் குறியீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் இருக்கின்றன. ஆனால் சீனா, தைவான், இந்தியா, தென்கொரியா ஆகிய நான்கு மட்டுமே சுமார் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கின்றன. தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே பங்கின் எடையே அண்மைக் காலத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பிரேசில், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா எல்லாம் மீதியில் பங்கு போட்டுக்கொள்பவை. சீனா வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குச் சீனா நீங்கலான ஃபண்டுகள் உண்டு. ஆனால் அவற்றில் தைவான், இந்தியா, கொரியாவின் எடை அப்படியே கூடும்; ஒரு குவியலை விட்டு இன்னொரு குவியலுக்குப் போகிறீர்கள். நீங்கள் வாழும் நாடே இந்தப் பட்டியலில் இருந்தால், உங்கள் சம்பளமும் வீடும் ஏற்கெனவே அந்தப் பொருளாதாரத்தை நம்பித்தான் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரிட்டர்ன். 2008-ல் எம்.எஸ்.சி.ஐ. வளரும் சந்தைக் குறியீடு டாலர் மதிப்பில் சுமார் 53 சதவீதம் விழுந்தது. 2009-ல் சுமார் 78 சதவீதம் ஏறியது. ஒரு வருட ரிட்டர்ன் பட்டியலில் அந்த 78 பிரமாதமாகத் தெரிந்திருக்கும். ஆனால் 100 போட்டவரிடம் முதலில் 47 ஆகி, பிறகு 83 அல்லது 84தான் இருந்தது. அதனால் ஒரு வருடக் கணக்கு எதையும் சொல்லாது. பத்து வருடக் கணக்கைப் பாருங்கள். அதையும் ஈவுத்தொகை சேர்த்த குறியீட்டோடு, ஒரே நாணயத்தில் ஒப்பிடுங்கள். ஈவுத்தொகை சேராத குறியீட்டோடு ஒப்பிட்டால் சுமாரான ஃபண்டு மேலாளர்கூடக் கெட்டிக்காரராகத் தெரிவார்.

'பொருளாதாரம் வேகமாக வளர்கிறது, பங்கும் வளரும்' என்ற விளம்பர வாதத்தை நம்பி வாங்காதீர்கள். சீனப் பொருளாதாரம் 1990-களிலிருந்து பல மடங்கு பெருகியது. பங்குதாரர்களுக்குக் கிடைத்தது அதற்கு ஈடாக இல்லை. நிறுவனங்கள் புதுப் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தால், மொத்த லாபம் கூடினாலும் ஒரு பங்குக்கான லாபம் அந்த அளவுக்குக் கூடாது.

செலவு விஷயத்தில் கறாராக இருங்கள். செலவுக்கு முன் ஆண்டுக்கு 7 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 0.2 சதவீதம் எடுக்கும் ஃபண்டில் 100 என்பது 20 வருடத்தில் சுமார் 373 ஆகும், 1.5 சதவீதம் எடுப்பதில் 292தான். அதோடு, ஃபண்டு ஆண்டுதோறும் எடுக்கும் இந்தச் செலவு விகிதம் முழுக் கதையும் அல்ல. ஈவுத்தொகையில் பல நாடுகள் வரி பிடிக்கின்றன. சில நாடுகளில் வெளிநாட்டு முதலீட்டாளரின் விற்பனை லாபத்துக்கும் வரி உண்டு. பங்கு வாங்கி விற்கும் செலவும் அதிகம். இவை எல்லாம் சேர்ந்துதான் குறியீட்டுக்கும் ஃபண்டுக்கும் இடையிலான இடைவெளி. இந்த இடைவெளிக்குப் பெயர் டிராக்கிங் டிஃபரன்ஸ்; ஐந்து வருடங்களுக்கானதை வாங்கிப் பாருங்கள். செலவு விகிதம் குறைந்த ஃபண்டு, இந்த இடைவெளியில் பின்தங்கினால் அதை ஒதுக்கிவிடலாம்.

ஒரே நாட்டில் மட்டும் முதலீடு செய்யும் ஃபண்டைத் தொடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. 2022 மார்ச்சில் ரஷ்யப் பங்குகளை எம்.எஸ்.சி.ஐ. கிட்டத்தட்ட பூஜ்ய விலையில் குறியீட்டிலிருந்து நீக்கியது. 2021 இறுதியில் பரவலான வளரும் சந்தை ஃபண்டு வைத்திருந்தவருக்கு ரஷ்யாவின் எடை சில சதவீதம்தான். ரஷ்யா ஃபண்டு மட்டும் வைத்திருந்தவருடைய பணம் முழுவதும் முடங்கியது.

எவ்வளவு போடலாம்? பங்கு முதலீட்டில் பத்து முதல் பதினைந்து சதவீதம் போதும். பத்து வருடம் தொட மாட்டீர்கள் என்ற பணமாக இருக்கட்டும். ஈ.டி.எஃப். ஆக (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டாக) வாங்கினால், ஆசியச் சந்தைகள் மூடியிருக்கும் நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி அகலமாக இருக்கக்கூடும். முடிந்தால் அவை திறந்திருக்கும் நேரத்தில், லிமிட் ஆர்டராகவே (நீங்கள் சொல்லும் விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்) போடுங்கள்.