நாகைக் கப்பலில் கார் ஏறுமா?

கேள்வி: கோடை விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவுடன் பன்னிரண்டு நாள் இலங்கை போகத் திட்டம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதே, எங்கள் காரையும் அதிலேயே ஏற்றிவிட்டால் அம்மாவுக்கு அலைச்சல் இருக்காது. லண்டனில் இருக்கும் அக்கா மகன் வருஷா வருஷம் காரோடு கப்பலேறி பிரான்ஸ் போய் வருகிறான். இங்கே ஒரு டிராவல் ஏஜென்ட், "கார்னே எடுத்துட்டா போதும் சார், வண்டியை ஏத்திடலாம். அட்வான்ஸ் கட்டுங்க" என்கிறார். கட்டலாமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: கட்டாதீர்கள். அந்தக் கப்பலில் கார் ஏறாது. எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஏறாது.

நாகை – காங்கேசன்துறை வழியில் 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' புறப்பட்டது. சில நாட்களிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. இரண்டுமே ஆட்களை மட்டும் ஏற்றும் கப்பல்கள். கார் ஏற வேண்டுமானால் கப்பலின் முன்பக்கமோ பின்பக்கமோ கதவுபோல் திறக்க வேண்டும். உள்ளே வண்டிகளுக்கென்று தனித் தளம் வேண்டும். கரையில் நீர்மட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் சாய்தளப் பாலம் வேண்டும். 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு வழியில் ஓடிய 'ஸ்கோஷியா பிரின்ஸ்' அப்படிக் கார்த்தளம் உள்ள கப்பல்தான். அந்தச் சேவை அதே ஆண்டு நவம்பரோடு நின்றுவிட்டது.

உங்கள் அக்கா மகனின் பயணத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலே வரை சுமார் நாற்பது கிலோமீட்டர். கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போதே காரின் நீளத்தையும் உயரத்தையும் கேட்பார்கள். மேலே பெட்டி கட்டியிருந்தால் அதையும் சேர்த்த உயரம்தான் கணக்கு. குறைத்துச் சொன்னால் துறைமுகத்தில் கூடுதலாகக் கட்ட நேரும். ஊழியர் காட்டும் வரிசையில் ஓட்டிப்போய் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, அலாரத்தை அணைத்துவிட்டு மேலே போய்விட வேண்டும். கப்பல் ஆடினால் அலாரம் கத்தும். அடித்து அடித்தே பேட்டரி இறங்கிப்போய், இறங்கும் நேரத்தில் பின்னால் வரிசையாக நிற்கும் அத்தனை வண்டியும் உங்களுக்காகக் காத்திருக்கும். இவ்வளவையும் சாதாரணக் குடும்பம் சாதாரணமாகச் செய்ய முடிவதற்குக் காரணம், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே சுற்றுலாப் போகும் காருக்குச் சுங்கப் பிணை கேட்பதில்லை என்பதுதான். வண்டியின் பதிவுச் சான்றும் காப்பீடும் கையில் இருந்தால் போதும்.

நம் பக்கம் அப்படியில்லை. இங்கேதான் கார்னே வருகிறது. அதைக் 'காரின் பாஸ்போர்ட்' என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது ஜாமீன் பத்திரம். "இந்தக் காரை விற்க மாட்டேன், திருப்பிக் கொண்டுபோய்விடுவேன். தவறினால் இறக்குமதி வரி கட்டப்படும்" என்று அந்த நாட்டுச் சுங்கத்துக்குத் தரும் உத்தரவாதம். அதற்கு ஈடாக உங்களிடம் வங்கி உத்தரவாதமோ வைப்புத் தொகையோ கேட்பார்கள். வண்டியின் மதிப்பும் போகிற நாட்டின் வரியும் எவ்வளவோ அதைப் பொறுத்து அந்தத் தொகை இருக்கும். இலங்கையோ அன்னியச் செலாவணி நெருக்கடியில் 2020-இல் வாகன இறக்குமதியையே நிறுத்தி, 2025-இல்தான் மறுபடி திறந்துவிட்ட நாடு. அங்கே வாகன வரி மிக அதிகம். பன்னிரண்டு நாள் பயணத்துக்காகப் பெரிய தொகையை மாதக்கணக்கில் முடக்கிவைக்க வேண்டியிருக்கும்.

கார்னேயின் ஆயுள் ஓராண்டு. ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதி: உள்ளே போகும்போது கிழிப்பது, வெளியே வரும்போது கிழிப்பது, புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டை. அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் விழ வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். வெளியேறும் முத்திரை வாங்காமல் வந்துவிட்டால், கார் உங்கள் வாசலில் நின்றாலும் அந்த நாட்டுக் கணக்கில் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வரி கேட்டு நோட்டீஸ் வரும். இரண்டாவது தவறு, சேசிஸ் எண்ணிலும் இன்ஜின் எண்ணிலும் ஓர் எழுத்து மாறிப்போவது. ஆர்.சி.யைப் பார்த்து மட்டும் எழுதாமல், வண்டியில் பொறித்திருப்பதோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காரில் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் என்.ஓ.சி. வேண்டும், கார் உங்கள் பெயரில் இல்லை என்றால் உரிமையாளரின் அதிகாரக் கடிதமும் வேண்டும்.

சரி, கார்னே கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கார் போவது கன்டெய்னரில். ஏஜென்ட் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். 20 அடி கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், உள்ளகலம் 2.35 மீட்டர், கதவின் உயரம் 2.28 மீட்டர். நீளத்துக்குக் கவலையில்லை. 1.8 மீட்டர் அகலமுள்ள காரை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஒரு சாண் சொச்சம்தான் மிஞ்சும். ஓட்டிப்போனவர் கதவைத் திறந்து இறங்க முடியாது. அதனால் ஒரு பக்கம் ஒட்டி நிறுத்துவார்கள், இல்லையென்றால் தள்ளி ஏற்றுவார்கள். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, தரைப் பலகையில் அடித்து, பட்டைகளால் கட்ட வேண்டும். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம்; பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கட்டு தளர்ந்தால் கார் முன்னும் பின்னும் ஊசலாடி பம்பர் இடிபடும். இன்னொன்று: டிக்கியில் துணிப்பெட்டி, குக்கர், ஊறுகாய் என்று அடைக்காதீர்கள். கார்னே வண்டிக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் சாமான் தனிச் சரக்கு. அதற்காகவே சோதனையில் வண்டி நின்றுபோகும்.

சென்னையிலிருந்து கொழும்புக்குக் கடலில் ஓரிரு நாள்தான். ஆனால் கன்டெய்னர் கப்பலுக்கு முன்பே துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். கொழும்பில் இறங்கிய பிறகு டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு), சுங்கச் சோதனை, கார்னே முத்திரை எல்லாம் முடிய வேண்டும். போக ஒரு வாரம், வர ஒரு வாரம் என்று குறைந்தபட்சம் ஒதுக்குங்கள். தாமதமானால் துறைமுகத்தில் கிடந்த நாளுக்கு ஒரு கட்டணம், கன்டெய்னரைத் திருப்பாத நாளுக்கு இன்னொரு கட்டணம். அதோடு, நீங்கள் இறங்குவது காங்கேசன்துறை, கார் இறங்குவது கொழும்பு. நடுவே சுமார் 400 கிலோமீட்டர். அம்மாவுக்கு அலைச்சல் கூடாது என்றுதானே கேட்டீர்கள்?

காப்பீட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் கார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டிக்கலாம். ஆனால் அந்த நீட்டிப்பு, காரைக் கடலில் கொண்டுபோகும் நேரத்தை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. கப்பலில் அடிபட்டால் ஒரு ரூபாய் வராது. அதற்குத் தனியாகக் கடல்சரக்குக் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஆறு மாதம் சுற்றப்போகிறவருக்கு இவ்வளவும் தகும். பன்னிரண்டு நாளுக்குத் தகாது. சொந்தக் காரில்தான் நாடு தாண்ட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், கார்னே இல்லாமல் போகக்கூடிய நாடு நேபாளம். சோனௌலியிலோ ரக்சௌலிலோ எல்லையில் 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்கில் பணம் கட்டி வாங்கினால் போதும். பணம் கட்டிய நாட்கள் முடிவதற்குள் நீட்டிக்காவிட்டால் அபராதம்.

இலங்கைக்கு என் யோசனை இது. காரை நாகை வரை கொண்டுபோங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 300 கிலோமீட்டர். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்காலில் நெரிசல் உண்டு. கப்பல் காலையில் புறப்படுவதால் முந்தின இரவே போய்த் தங்குங்கள். காரை மதில் உள்ள விடுதியில் விட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடற்பயணம் நான்கு மணி நேரம். குமட்டல் மாத்திரையை ஏறிய பிறகு போட்டால் பயன் குறைவு. அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், அம்மாவுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். கடல் சீறினால் கப்பல் ரத்தாகும், அதனால் திரும்பும் நாளுக்கும் பள்ளி திறக்கும் நாளுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

அங்கே இறங்கியதும் ஓட்டுநரோடு வேன் அமர்த்துங்கள். யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசும் ஓட்டுநர் கிடைப்பார். அம்மா அவரிடமே பேசிக்கொண்டு வருவார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், மீறினால் எவ்வளவு, ஓட்டுநரின் சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நீங்களே ஓட்டுவதாக இருந்தால், 4ஏ படிவத்தில் விண்ணப்பித்து 1,000 ரூபாய் கட்டி ஆர்.டி.ஓ.வில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது. இலங்கை அதன்மேல் தன் ஒப்புகையையும் கேட்கிறது. அதை யார் வாங்கித் தருவார் என்று வாடகை நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள்.

காரோடு கப்பலேறும் அனுபவம்தான் வேண்டும் என்றால், ஒரு வருஷம் லண்டனுக்குப் போய் அக்கா மகனின் காரிலேயே ஏறுங்கள். ஆனால் பிரிட்டன் விசா பிரான்சுக்குச் செல்லாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தனி. பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே பாஸ்போர்ட் பார்ப்பதால், அது இல்லாதவர் கப்பல் வரைக்கும்கூடப் போக முடியாது. சுற்றுலா விசாவில் லண்டன் போன பிறகு அங்கே விண்ணப்பிக்கவும் வழியில்லை. சென்னையிலேயே, புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.