ரேஷன் கார்டைக் கேட்டுப் பாருங்கள்

வணக்கம் அண்ணாச்சி,

தாராவியில் 90 அடி ரோடு பக்கம் இருக்கோம். நானும் கூட்டாளிகளும் கொரோனா சமயத்தில் ஆரம்பித்தது, இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பார் சாதம் பொட்டலம் போட்டுக் கொடுக்கிறோம். வாங்க வருகிறவர்கள் குறையவே இல்லை. போன மாசம் ஒரு ஆச்சி, "திங்கக்கிழமைக்கும் ஒண்ணு சேத்துக் குடுய்யா" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. பிரச்சாரம் மாதிரி எதாவது செய்யணும் என்று பேசிக்கொள்கிறோம். பேரணி, பேனர், யூடியூப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

ம., தாராவி

அன்புள்ள தம்பி,

பொட்டலத்தை நிறுத்திவிடாதீர்கள். "தர்மம் செய்வதை விட்டு உரிமைக்குப் போராடு" என்று உபதேசிக்க ஆட்கள் வருவார்கள், கேட்காதீர்கள். பசிக்கிறவருக்கு இன்றைக்கே சோறு வேண்டும். அதோடு, எந்தக் கோலிக் (ஒற்றை அறை வீட்டு) கதவைத் தட்டினாலும் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களே, அது அந்தப் பொட்டலத்தால் வந்தது. பேனர் அடிக்குமுன் அந்த உரிமையை வைத்து ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஆச்சியிடம் ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பம் என்றால் மாதம் தலைக்கு 5 கிலோ தானியம். மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 சனவரியிலிருந்து இதற்குக் காசும் கிடையாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 25 கிலோ வந்து சேர்ந்தால் ஆச்சி திங்கட்கிழமைப் பொட்டலத்துக்கு உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். ஏன் வரவில்லை என்பதை வீடுவீடாகத் தெரிந்துகொள்வதுதான் பிரச்சாரத்தின் முதல் பாதி.

நம் ஆட்களில் பலருக்குக் கார்டு இன்னும் நாங்குநேரியிலும் வள்ளியூரிலும்தான் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வந்துவிட்டது, எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கடையில் போய் நின்றால் இல்லை என்கிறார்கள். இதில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் ஒரு குறியீடு இருக்கும். 'பி.எச்.எச்.' (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது 'பி.எச்.எச். - ஏ.ஏ.ஒய்.' (அந்தியோதயா) என்று இருந்தால் மத்தியச் சட்டத்துக்குள் வருகிற கார்டு, மும்பையில் தானியம் வாங்கலாம். 'என்.பி.எச்.எச்.' (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருந்தால் ஊரில் அரிசி கிடைக்கும், இங்கே கிடைக்காது. முதல் வகைக் கார்டுள்ள குடும்பத்தில் பாதிப் பேர் ஊரில் இருந்தாலும், இங்கே இருப்பவர்கள் தங்கள் பங்கை இங்கே எடுத்துக்கொண்டு மீதியை அங்கே விட்டுவைக்கலாம். இந்த ஒரு தகவலை எல்லாக் கல்லிக்கும் (சந்துக்கும்) கொண்டுபோனாலே சிலர் வீட்டில் அடுப்பு எரியும்.

இங்கத்திய கார்டு உள்ளவர்களுக்கு வேறு தொல்லை. கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் ஏறியிருக்காது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயசாகியும் பெயர் ஏறியிருக்காது. கேஒய்சி, அதாவது ஆதாரோடு ஆளைச் சரிபார்ப்பது, முடிக்காததால் பெயர் அடிபட்டிருக்கும். அங்கூட்டா (பெருவிரல் ரேகை) பதியாமல் திரும்பி வருகிறவர்களையும் பாருங்கள். காலாவில் (பட்டறையில்) தோல் வேலை செய்தவர்கள், வீட்டு வேலைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற அக்காமார் கையைத் தொட்டுப் பாருங்கள், ரேகை தேய்ந்து மழுமழுவென்று இருக்கும். மிஷின் மூன்று தடவை மறுத்ததும் பின்னால் நிற்கிறவர் சலித்துக்கொள்வார், கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஆதார் சரிபார்ப்பு தோற்றுப்போனது என்பதற்காக யாருக்கும் தானியத்தை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ரேஷன் போடுகிற நாட்களில் உங்களில் இரண்டு பேர் கடை வாசலில் நில்லுங்கள். சண்டை வேண்டாம். கூட நின்றாலே பேச்சு மாறும்.

ஒரு கல்லிக்கு ஒரு நோட்டு போடுங்கள். யார் வீடு, என்ன கார்டு, எத்தனை தலை, எத்தனை பேருக்குத் தானியம் விழுகிறது, எதனால் நின்றது. இவ்வளவுதான். பிறகு தனித்தனியாக அலையாமல், அந்தக் கல்லிப் பெண்களையே சேர்த்துக்கொண்டு ரேஷனிங் ஆபீசுக்குப் போய் மொத்தமாக மனுக்களைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் போச்பாவ்தி, அதாவது சீல் போட்ட ஒப்புகைச் சீட்டு, வாங்காமல் வராதீர்கள். அந்தச் சீல் இல்லாவிட்டால் நீங்கள் வந்ததற்கே அடையாளம் இருக்காது. பதில் வராவிட்டால் சட்டத்தின் 15ஆம் பிரிவு மாவட்டக் குறைதீர் அதிகாரியையும், 16ஆம் பிரிவு மாநில உணவு ஆணையத்தையும் காட்டுகிறது. கடையின் இருப்பும் கணக்கும் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. கேளுங்கள்.

பால்வாடியை மறந்துவிடாதீர்கள். சேரிப் பகுதியில் ஆறு வயசுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லை என்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று உத்தரவிட்டது. தாராவியில் 40 பிள்ளைகளை எண்ண இரண்டு கல்லியே அதிகம்.

எல்லாம் சரிசெய்த பிறகும் சிலர் வெளியேதான் நிற்பார்கள். காவி நிறக் கேசரி கார்டு இருக்கும், தானியம் விழாது. சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது மகாராஷ்டிர அரசு நகரத்துக்கு வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 59,000 ரூபாய். மாசத்துக்கு ஐந்தாயிரம்கூட இல்லை. மும்பையில் கோலி வாடகைக்கே அது காணாது. இதற்கு மேல், எத்தனை பேருக்கு என்ற மாநில ஒதுக்கீட்டையும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எத்தனை, வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனை! இது ரேஷனிங் ஆபீசில் தீருகிற காரியமில்லை. பேனரும் பேரணியும் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலும் இங்கேதான் வேண்டும். அப்போது உங்கள் நோட்டுகள் கையில் இருந்தால், "இத்தனை வீட்டில் கார்டு உண்டு, தானியம் இல்லை" என்று நீங்கள் சொல்வதை யாரும் தட்டிவிட முடியாது. கும்பார்வாடா குஜராத்திகள், உத்தரப்பிரதேசத்துத் தையல்காரர்கள், கோலிவாடா மராத்தியர்கள் எல்லோரையும் சேருங்கள். தமிழ்ச் சங்கத்துக் கூட்டமாக மட்டும் நின்றால் இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள்.

யூடியூப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கை நீட்டிப் பொட்டலம் வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து. அந்த ஆச்சியின் பேரன் வேலை செய்யும் இடத்தில் யாராவது அதைப் பார்ப்பார்கள். பூட்டிக் கிடக்கும் கடையை எடுங்கள், இருப்பு எழுதாத பலகையை எடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள்.

முதல் கல்லியின் நோட்டு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். மனுவை மராத்தியில் எழுத ஆள் வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன். கொடுக்கப் போகிற அன்றைக்கு நானும் கூட வருகிறேன்.