ஏஐ கோடிங் அசிஸ்டென்ட்டோடு செக்யூரிட்டி ஸ்கேனரை இணைக்க முடியுமா? இரண்டு மூன்று பேர் உள்ள குழுவுக்கு அது தேவையா?

முடியும், தேவையும்தான். கோடைப் படித்துப் பாதுகாப்பு ஓட்டைகளைக் காட்டும் நிரல்தான் செக்யூரிட்டி ஸ்கேனர். ஆனால் இணைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்து நான் ஒருமுறை ஏமாந்தேன். அதையே சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே இணையதளம் செய்து கொடுப்பவன். கூட ஒரு தம்பி இருக்கிறான். அவ்வளவுதான் ஆபீஸ். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றில் விருந்தினருக்கு அறை விடும் ஓர் ஆச்சிக்கு புக்கிங் தளம் செய்தோம். பாதிக்கு மேல் ஏஐ எழுதிய கோடு. ஒருநாள் ஆச்சி போன் செய்து, "தம்பி, ஒருத்தர் பேரைப் போட்டுத் தேடினா பக்கமே வரமாட்டேங்குது" என்றார். பெயர் டிசூசா. ஆங்கிலத்தில் எழுதும்போது டி-க்கு அடுத்து ஒற்றை மேற்கோள் குறி வரும். அந்தக் குறி போதுமானதாக இருந்தது, பக்கம் படுத்துவிட்டது.

தேடல் பெட்டியில் தட்டியதை ஏஐ அப்படியே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) வரிக்குள் ஒட்டவைத்திருந்தது. டிசூசாவின் பக்கம் வராதது சின்ன விஷயம். விஷயம் தெரிந்தவன் அதே பெட்டியில் வேறு எதையாவது தட்டியிருந்தால் விருந்தினர் பட்டியல் மொத்தமும் அவனிடம் போயிருக்கும். 1998-லிருந்தே பேசப்படும் ஓட்டை இது. ஏஐக்கும் நன்றாகத் தெரியும், "இதில் ஓட்டை இருக்கிறதா?" என்று கேட்டால் உடனே சொல்லும். எழுதும்போது அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால்தான் செம்கிரெப் ஸ்கேனரை அசிஸ்டென்ட்டோடு இணைத்தேன். அசிஸ்டென்ட்டை வெளி நிரல்களோடு பேசவைக்க எம்சிபி என்ற பொது நெறிமுறை இருக்கிறது. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது, இப்போது பல எடிட்டர்களில் வேலை செய்கிறது. செம்கிரெப், ஸ்னிக், சோனார்க்யூப் என்ற மூன்று ஸ்கேனர்களுக்குமே எம்சிபி சர்வர் (இணைப்பு நிரல்) கிடைக்கிறது. அசிஸ்டென்ட்டின் அமைப்புக் கோப்பில் சர்வரின் பெயரையும் அதைக் கிளப்பும் கட்டளையையும் எழுதினால் போதும். அசிஸ்டென்ட் கோடு எழுதிவிட்டு ஸ்கேனரைக் கூப்பிடும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எந்த விதி மீறப்பட்டது என்று பதில் வரும். அதைப் படித்துத் தானே திருத்தும். எம்சிபி வேண்டாம் என்றால், ப்ராஜெக்ட்டில் அசிஸ்டென்ட் படிக்கும் குறிப்புக் கோப்பில் "ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு டெர்மினலில் இந்த ஸ்கேன் கட்டளையை ஓட்டு" என்று எழுதினாலும் நடக்கும். சிறிய குழுவுக்கு இதுவே எளிது என்பேன்.

முதல் ஸ்கேன் மிரட்டும். எங்களுக்கு வந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து இறக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைப் பற்றியது. மொத்தத்தையும் அசிஸ்டென்ட்டிடம் கொட்டிவிடாதீர்கள், தேவையில்லாத இடமெல்லாம் கைவைத்துவிடும். குறிப்பிட்ட கமிட்டுக்கு (பதிந்துவைத்த ஒரு மாற்றம்) பிறகு புதிதாக வந்த பிழைகளை மட்டும் காட்டும் வசதி செம்கிரெப்பில் இருக்கிறது. அதில் தொடங்குங்கள், பழையதை நீங்களே உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்.

நான் ஏமாந்தது இதற்குப் பிறகு. ஒரு வாரம் எச்சரிக்கையே இல்லை, எல்லாம் பச்சை. எனக்கும் சந்தோஷம். தம்பிதான் ஒரு கோப்பைத் திறந்து காட்டினான். பிரச்சினையான வரி அப்படியே இருந்தது, அதன் கடைசியில் "நோசெம்கிரெப்" என்று ஒரு கமெண்ட். இந்த வரியைக் கண்டுகொள்ளாதே என்று ஸ்கேனருக்குச் சொல்லும் குறி அது. அசிஸ்டென்ட்டிடம் எச்சரிக்கையைப் போக்கச் சொன்னேன், போக்கிவிட்டது. "அண்ணே, ஐந்தொகைக் கணக்கு இடிக்கிற இடத்தை ரப்பர் வச்சு அழிச்சிருக்கு" என்றான்.

அன்றிலிருந்து இரண்டு இடத்தில் ஸ்கேன். ஒன்று அசிஸ்டென்ட் கையில், அதன் வசதிக்கு. இன்னொன்று ரெப்போவில் (கோடு மொத்தமும் இருக்கும் இடம்), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வரும்போதெல்லாம் தானே ஓடும். பிழை இருந்தால் மெர்ஜ் ஆகாது, அதாவது மாற்றம் சேராது. இந்த இரண்டாவது ஸ்கேனில் அந்தக் கமெண்டை மதிக்காமல் ஓட்டும் தேர்வைப் போட்டிருக்கிறேன். ஸ்கேன் அமைப்புக் கோப்பை மாற்ற வேண்டுமென்றால் என் ஒப்புதல் வேண்டும். எம்சிபி இணைப்பை அசிஸ்டென்ட் கூப்பிட மறந்தாலும் மறக்கும். இங்கே மறதிக்கு இடமில்லை. இரண்டில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் ரெப்போ ஸ்கேனை முதலில் போடுங்கள்.

வேறு சிலதையும் பார்க்க வேண்டும். ஏபிஐ கீ (வெளிச் சேவைகளைத் திறக்கும் ரகசியச் சாவி) கோடுக்குள் கிடக்கிறதா என்று பார்க்க கிட்லீக்ஸ் என்ற கருவி வைத்திருக்கிறேன். கீயை அழித்துக் கமிட் செய்தால் போதாது, பழைய கமிட்டில் இருக்கும். கீயையே மாற்றிவிட வேண்டும். ஏஐ சொல்லும் லைப்ரரிப் (பிறர் எழுதிவைத்த கோடுத் தொகுப்பு) பெயரையும் நிறுவுவதற்கு முன் தேடிப் பாருங்கள். சில சமயம் இல்லாத பெயரைச் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது விஷமான பேக்கேஜ் ஏற்றி வைத்திருந்தால் போச்சு. எம்சிபி சர்வரும் உங்கள் கணினியில் ஓடும் இன்னொரு நிரல்தான், அதனால் ஸ்கேனரை உருவாக்கியவர்களே வெளியிட்டதை மட்டும் போடுங்கள்.

எங்கள் ஸ்கேனர் எதுவும் பிடிக்காத ஒன்றும் எங்களிடம் இருந்தது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் தங்குமிடக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரத்தைப் பதிய வேண்டும். அதற்காக ஆச்சியின் தளத்தில் பாஸ்போர்ட் நகல் ஏற்றும் வசதி வைத்திருந்தோம். புக்கிங் எண் முகவரி வரியிலேயே தெரியும். 41 என்பதை 42 என்று மாற்றினால் அடுத்தவர் பாஸ்போர்ட் திறந்தது. கோடில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, யாருக்கு எதைக் காட்டலாம் என்ற கேள்வியே அதில் இல்லை. அந்த வீட்டில் யார் யாருடைய பாஸ்போர்ட்டைப் பார்க்கலாம் என்பது செம்கிரெப்புக்கு எப்படித் தெரியும்? இரண்டு கணக்கில் உள்ளே நுழைந்து, ஒருவருடைய எண்ணை இன்னொருவர் கணக்கில் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். இப்போது அதையே டெஸ்ட்டாக எழுதி, டிசூசா பெயரைத் தேடிப் பார்க்கும் டெஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.