பரிசில்லாக் கிறிஸ்துமஸ் பயணம்: தம்பியின் பங்கு யார் கணக்கில்?

கேள்வி: இந்த டிசம்பரில் நாங்கள் நால்வரும், தம்பி குடும்பத்தார் மூவரும் வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடத் திட்டமிட்டிருக்கிறோம். செலவைக் குறைக்க, யாரும் யாருக்கும் பரிசு வாங்குவதில்லை என்று பேசி முடிவு செய்தோம். பயணச்சீட்டையும் விடுதியையும் என் கிரெடிட் கார்டில் போட்டுவிடச் சொல்கிறார் தம்பி. அவர் பங்கைப் பிறகு தருவாராம். முந்தைய இரண்டு பயணங்களுக்கு அவர் தர வேண்டியதில் பாதி இன்னும் வரவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. பரிசுச் செலவு மிச்சமாவதால் சமாளித்துவிடலாமா?

பதில்: பரிசைக் கைவிட்டதில் எனக்கு மறுப்பில்லை. கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெறுகிறவர் அப்பொருளுக்குத் தரும் மதிப்பு கொடுத்த விலையைவிட 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாகவே இருந்தது. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் இது பரிசில்லாத பயணமாகத் தெரியவில்லை. வசூலிக்கத் தயங்கும் தம்பியின் பங்குதான் உங்கள் பட்டியலிலேயே மிகப் பெரிய பரிசு, அதையும் கடன் வாங்கித்தான் கொடுக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய விவரங்களை, மாத வருமானம் 100 என்று வைத்துத் தோராயமாகப் பார்ப்போம். மொத்தச் செலவு 350. அதில் உங்கள் பங்கு 200, தம்பியின் பங்கு 150. பரிசை நிறுத்தியதால் கையில் நிற்பது 60. ஆக, கார்டில் ஏறுவது 290. மாதம் 3 சதவீத வட்டியில் முதல் மாத வட்டியே 8.70 ஆகிவிடுவதால், உங்களால் முடியும் என்று எழுதியிருக்கும் 15ஐக் கட்டினாலும் அசலில் கழிவது 6 சொச்சம்தான். இந்த வேகத்தில் கடன் தீர ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஆகும். வட்டி மட்டும் சுமார் 150, அதாவது தம்பி குடும்பத்தின் பங்கு இன்னொரு முறை. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்குக்கூட வட்டியில்லா நாட்கள் கிடைக்காது என்பதே பெரும்பாலான கார்டுகளின் விதி. அந்தச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை.

தம்பி தன் பங்கை முன்னதாகவே செலுத்திவிட்டால் உங்கள் கடன் 140ஆகக் குறையும். அதே 15ஐக் கட்டினால் ஏறக்குறைய பதினொரு மாதங்களில் தீரும், வட்டியும் 27க்குள் அடங்கும். அதைவிட, இந்த ஆண்டு வீட்டிலேயே பரிசில்லாமல் கொண்டாடிவிட்டு, அந்த 60ஐயும் மாதம் 15 வீதம் ஓராண்டு சேர்க்கும் 180ஐயும் கொண்டு அடுத்த டிசம்பரில் புறப்படுவதையே நான் பரிந்துரைப்பேன். 240 கையில் இருக்கும். காப்பீட்டுக்கும் கட்டண உயர்வுக்கும் 40 மிஞ்சும்.

தம்பியிடம் பழைய பாக்கியை இப்போது கிளற வேண்டாம், அது வேறு பேச்சு. "என் கார்டில் இனி எங்கள் நால்வருக்கு மட்டும்தான் பதிவு செய்வேன், உங்கள் மூவருக்கும் நீயே அதே விமானத்தில் எடுத்துக்கொள்" என்று, விலை பார்க்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பதிவு செய்த பிறகு சொன்னால் அது சண்டையாகும். அவரால் இயலாது என்றால், அவர் வராத பயணமாகவோ எல்லோருக்கும் கட்டுப்படியாகும் சிறிய பயணமாகவோ அது அமையட்டும்.

இந்த இடத்தில் யாராவது "இப்போது பயணம், பிறகு பணம்" திட்டத்தையோ வட்டியில்லாத் தவணையையோ நீட்டுவார்கள். மொத்தமாகச் செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். வட்டி பெரும்பாலும் அந்த இரண்டில்தான் ஒளிந்திருக்கும். ஏழு பேருக்கான தவணையும் உங்கள் ஒருவர் பெயரிலேயே இருக்கும் என்பதால் பழைய பழக்கத்துக்குப் புதுப் பெயர் கிடைக்கும், அவ்வளவே.

அங்கே போன பின், கார்டு இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் கடைக்காரர் தரப்பு வைக்கும் கூடுதல் தொகை அதனால் தவிரும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள், அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.