வாசகர் கேள்வி – பதில்: நண்பனை மீட்கப் புறப்பட்ட முதியவர்கள்

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய நான் ஒரு நாவல் எழுதி வருகிறேன். எழுபது வயதைக் கடந்த நான்கு விண்வெளி வீரர்கள், தங்களோடு முன்னொரு காலத்தில் பறந்த நண்பர் வேற்று நாட்டு விண்நிலையம் ஒன்றில் சிறைவைக்கப்பட்டிருப்பதை அறிந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடி அவரை மீட்கப் புறப்படுகிறார்கள். கையெழுத்துப் படியைப் படித்த என் பேரன், "தாத்தா, இந்த வயதில் யாராலும் விண்வெளிக்குப் போக முடியாது" என்கிறான். அவன் சொல்வது சரியா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: வயதைப் பொறுத்தவரை உங்கள் பேரன் சொல்வது சரியன்று. 1962ஆம் ஆண்டு பூமியை மூன்று முறை சுற்றி வந்த அமெரிக்கர் ஜான் கிளென், 36 ஆண்டுகள் கழித்து, 1998 அக்டோபரில், தம் 77ஆம் வயதில் டிஸ்கவரி விண்ணோடத்தில் மீண்டும் சென்று ஒன்பது நாள்கள் தங்கித் திரும்பினார். டான் பெட்டிட் 220 நாள்களை விண்வெளியில் கழித்துவிட்டு, 2025 ஏப்ரல் 20 அன்று, தம் எழுபதாவது பிறந்தநாளிலேயே கசகஸ்தானில் தரையிறங்கினார். நம் சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சென்ற பயணத்திற்குத் தலைமை தாங்கிய பெக்கி விட்சனுக்கு அப்போது வயது 65.

ஆனால் உடல் கேட்கும் விலையை நீங்கள் கதையில் மறைக்கக் கூடாது. எடையற்ற நிலையில், உடலின் பாரத்தைத் தாங்கும் எலும்புகள் மாதத்திற்கு ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கின்றன, தசைகள் தளர்கின்றன, திரும்பி வந்தவர் நிற்கவும் நடக்கவும் தடுமாறுகிறார். ஆகவே உங்கள் நால்வரும் கைகலப்பில் இறங்கிக் காவலர்களை வீழ்த்துவதாக எழுதினால், உங்கள் பேரன் மட்டுமல்லாமல் நானும் நம்ப மாட்டேன்.

அப்படியானால் அவர்களிடம் இளைஞர்களிடம் இல்லாதது என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இதற்கு 1985ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். முந்தைய ஆண்டு ராகேஷ் சர்மா ஏறக்குறைய ஒரு வாரம் தங்கியிருந்த அதே சல்யூட் 7 என்னும் சோவியத் விண்நிலையம், 1985 பிப்ரவரியில், ஆள் எவரும் இல்லாத வேளையில், தரையோடு தொடர்பை இழந்து, மின்சாரமும் வெப்பமும் இன்றி உறைந்துபோனது. உயிரற்ற நிலையத்தின் தானியங்கி இணைப்புக் கருவிகள் வேலை செய்யாததால், அதனோடு கலத்தைக் கையால் ஓட்டித்தான் இணைக்க வேண்டியிருந்தது. அந்தப் பணிக்கு சோவியத் நாட்டார் தேர்ந்தெடுத்தவர், ஏற்கெனவே நான்கு முறை பறந்தவரும், தானியங்கி பழுதடைந்த ஒரு வேளையில் கலத்தைக் கையாலேயே இணைத்துக் காட்டியவருமான விளாதிமிர் ஜானிபெகோவ். அவர் கையடக்க லேசர் தூரமானியின் துணையோடு, பக்கவாட்டு ஜன்னல் வழியே நிலையத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கலத்தை மெல்ல மெல்ல நெருக்கி இணைத்தார். பிறகு அவரும் உடன் பறந்த விக்டர் சவினிக்கும் கம்பளித் தொப்பிகளை அணிந்துகொண்டு இருளுக்குள் நுழைந்து, உறைந்து கிடந்த அந்த நிலையத்தை, சூரியத் தகடுகளை மின்கலங்களோடு நேரடியாக இணைத்து, சிறிது சிறிதாக உயிர்ப்பித்தார்கள். அப்போது ஜானிபெகோவுக்கு வயது 43 தான் என்றாலும், கையில் ஊறிய பழக்கத்திற்காகவே ஒருவர் தேடி அழைக்கப்பட்டார் என்பதே உங்கள் கதைக்கு வேண்டிய செய்தி. உங்கள் நால்வரில் ஒருவருக்கு இந்தக் கைப்பழக்கத்தைக் கொடுங்கள். அந்த நிலையம் அவர் இளமையில் வாழ்ந்த நிலையமாகவும் இருக்கட்டும். எந்தக் கதவு இறுகும், எந்தக் குழாய் கசியும் என்று இருட்டிலும் அறிந்தவர் அவர் ஒருவராகவே இருப்பார்.

கேள்வி: ஒரு நாடு பிற நாட்டு விண்வெளி வீரரைச் சிறைப்பிடிக்கச் சட்டம் இடம் தருகிறதா?
– சட்ட மாணவி, ஊத்தங்கரை

பதில்: தரவில்லை. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம் அவர்களை மனிதகுலத்தின் தூதர்கள் என்று குறிப்பிடுகிறது. 1968ஆம் ஆண்டு மீட்பு ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே சென்று, விபத்தாலோ இடர்ப்பாட்டாலோ வேற்று மண்ணில் இறங்க நேர்ந்த வீரர்களுக்கு உடனடியாக உதவ வேண்டும் என்றும், அவர்களை அனுப்பிய நாட்டாரிடம் பாதுகாப்பாகவும் தாமதமின்றியும் ஒப்படைக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கடும் பகையில் இருந்த காலத்தில் உருவான ஒப்பந்தம் இது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. பாலக்கோட்டு ஆசிரியரின் கதையில் சிறைவைத்த நாடு இந்த வாக்கை மீறிய நாடாகிறது. அது கதைக்கு வலுவே சேர்க்கும்.

கேள்வி: விண்வெளியில் சிக்கிக்கொண்டவரை அழைத்து வர உண்மையில் யாரேனும் போனதுண்டா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உண்டு. 2024 ஜூனில் சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் தாங்கள் சென்ற கலத்தில் திரும்ப இயலாமல் போனபோது, அவர்களுக்கென இரண்டு இருக்கைகளைக் காலியாக விட்டு, இருவர் மட்டும் அமர்ந்த ஒரு கலம் அதே ஆண்டு செப்டம்பரில் புறப்பட்டது. விண்வெளியில் மொத்தம் 286 நாள்களைக் கழித்த பிறகு அவர்கள் வீடு திரும்பினார்கள். நண்பனுக்காகக் காலியாக விடப்பட்ட அந்த இருக்கையைவிட நல்ல காட்சி ஒரு நாவலாசிரியருக்குக் கிடைப்பது அரிது.

கேள்வி: இத்தகைய கதைகள் மேலை நாட்டிலிருந்து இறக்குமதியானவை. நம் மண்ணில் இவை எப்படி ஒட்டும்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: தருமபுரி மண்ணில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பது எனக்கு வருத்தம் தருகிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கச் சென்று, மீட்டு, அம்முயற்சியிலேயே உயிர்விட்டவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் இம்மாவட்டத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பரவிக் கிடக்கின்றன. "தொறு மீட்டுப் பட்டான்" (மாட்டுக் கூட்டத்தை மீட்டு மாண்டான்) என்று அவற்றில் வரும் மூன்று சொற்களை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த நாளில், அந்தக் கல்லை விட்டு அகல மனமின்றி வெகுநேரம் நின்றேன். கவர்ந்ததை மீட்பதைக் கரந்தை என்று தனியே பெயரிட்டுப் பாடிய மொழி நம்முடையது.

கொல்லப்படவிருந்த சக புலவனை மீட்ட கதையும் நம்மிடம் உண்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதி, நலங்கிள்ளியோடு பகைகொண்ட மற்றொரு சோழனான நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் குறுக்கே வந்து ஒரு பாட்டுப் பாடினார். பரிசிலர் பறவைகளைப் போல் நெடுந்தொலைவு பறந்து, பெற்றதைச் சேர்த்து வைக்காமல் உண்டும் கொடுத்தும் வாழ்பவர்கள். அவர்களால் பிறருக்குத் தீங்கு உண்டோ என்று அவர் கேட்டார். இளந்தத்தன் பிழைத்தான். புறநானூற்றின் 47ஆம் பாடல் இது. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமானோ, நீண்ட வாழ்நாள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவையாருக்குக் கொடுத்தான்; அந்த ஒளவையார் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, ஒரு வாளும் உருவப்படாத அவையில் படைக்கலங்களைப் பற்றியே பேசினார். முதுமையும் நட்பும் தூதும் ஒன்றாகச் சேர்ந்த ஊர் இது.

அண்மைக் காலத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 1975 ஜூலையில் அமெரிக்கக் கலமும் சோவியத் கலமும் விண்வெளியில் இணைந்தபோது கைகுலுக்கிய தாமஸ் ஸ்டாஃபோர்டும் அலெக்ஸி லியோனோவும் அதன்பின் வாழ்நாள் முழுவதும் நண்பர்களாக இருந்தார்கள். 2019 அக்டோபரில் லியோனோவ் தம் 85ஆம் வயதில் இறந்தபோது, 89 வயது ஸ்டாஃபோர்ட் ரஷ்யாவுக்குச் சென்று நண்பரின் இறுதி நிகழ்ச்சியில் ரஷ்ய மொழியிலேயே அஞ்சலி உரை நிகழ்த்தினார். அந்த வயதில் அவ்வளவு தூரம் ஒரு நண்பனுக்காகப் போகிறவர், அந்த நண்பன் சிறையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பாரா?

பாலக்கோட்டு ஆசிரியரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நால்வரில் ஒருவர் கலத்தை ஓட்டட்டும், இன்னொருவர் கதவைத் திறக்கட்டும். மூன்றாமவர் பகை நாட்டாரின் முன்னே வெறுங்கையோடு நின்று, அவர்கள் மொழியிலேயே நண்பனைக் கேட்கட்டும். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பேரன் படித்த பிறகு அனுப்பினாலும் போதும்.