பழைய கிரெடிட் கார்டு பாக்கி: பணத்துக்கு முன்னால் கடிதம்

கேள்வி: 2018-ல் வாங்கிய கிரெடிட் கார்டில் 42,000 ரூபாய் பாக்கி இருந்தபோது, 2020 கொரோனா சமயத்தில் வேலை போய்விட்டது. அதன்பிறகு எதுவும் கட்டவில்லை. இப்போது வீட்டுக் கடன் கேட்டால், சிபில் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கையில்) ‘ரிட்டன் ஆஃப்’, அதாவது தள்ளுபடி என்று இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பாக்கி 1,18,000 ரூபாய் என்று காட்டுகிறது. வசூல் ஏஜென்சிக்காரர் ஒருவர், ‘35,000 கட்டுங்கள், முடித்துவிடலாம்’ என்று தினமும் போன் செய்கிறார். வங்கியே தள்ளுபடி செய்ததை நான் ஏன் கட்ட வேண்டும்? ஏழு வருடத்தில் தானாகவே போய்விடும் என்கிறார்களே? (திருப்பூர் வாசகர்)

பதில்: அந்த 35,000 ரூபாயை இன்றைக்குக் கட்டிவிடாதீர்கள். கட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் காகிதமும் கையில் வாங்காமல் கட்டாதீர்கள்.

முதலில் அந்தத் தள்ளுபடி விஷயம். உங்கள் கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். உங்களிடம் வசூலிக்கும் உரிமையை அது விட்டுவிடவில்லை. ஏழு வருடக் கதையும் பாதிதான் உண்மை. சிபில் போன்ற நிறுவனங்கள் கடன் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஏழாவது ஆண்டில் அழித்துவிட வேண்டும் என்று எங்கும் இல்லை. பாக்கி நிற்கும்வரை வங்கி அதைப் புதுப்பித்து அந்த நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

வங்கி வழக்குப் போட மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கிலிருந்து கழித்தது. அப்படிப் பார்த்தாலும் உங்கள் விஷயத்தில் காலவரம்பு முடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அது நீதிமன்றத்தில்தான் உதவும். ரிப்போர்ட்டில் உள்ள பதிவை அது அசைக்காது. வீட்டுக் கடன் வேண்டுமென்றால் பேசித்தான் ஆக வேண்டும்.

பேசுவதற்கு முன் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஏனென்றால் நீங்கள் கடன் கேட்கும் வங்கி எதைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கார்டு கணக்கில் நான்கு இடங்களைக் கவனியுங்கள்: கடைசியாகப் பணம் கட்டிய தேதி, ரிட்டன் ஆஃப் மொத்தத் தொகை, அதில் அசல் எவ்வளவு, இப்போது கணக்கு யார் பெயரில் இருக்கிறது. கடைசி விஷயம் முக்கியம். பல வங்கிகள் இப்படிப்பட்ட கடன்களை மொத்தமாக ஏ.ஆர்.சி. எனப்படும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுகின்றன. விற்றிருந்தால் பழைய வங்கிக் கிளையில் போய் நின்று பயனில்லை, வாங்கிய நிறுவனத்திடம்தான் பேச வேண்டும்.

இனி பேரம். ‘முடித்துவிடலாம்’ என்று ஏஜென்ட் சொல்வது செட்டில்மென்ட். பாக்கியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவார்கள், ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று விழும். ரிட்டன் ஆஃபை விட இது பரவாயில்லை. ஆனாலும் வீட்டுக் கடன் அதிகாரிக்கு அது ‘இவர் முழுசாகக் கட்டவில்லை’ என்றுதான் படும். ‘க்ளோஸ்டு’, அதாவது கணக்கு முடிந்தது என்று வருவதே உங்களுக்கு நல்லது. அதனால் ஏஜென்ட்டை விட்டுவிட்டு வங்கிக்கோ ஏ.ஆர்.சி.க்கோ மின்னஞ்சலில் எழுதுங்கள். முதலில் கணக்கு விவர அறிக்கை கேளுங்கள். அப்புறம், அசல் 42,000 முழுவதையும் வட்டியில் ஒரு பங்கையும் கட்டுகிறேன், மீதி வட்டியையும் அபராதத்தையும் விட்டுவிட்டு ‘க்ளோஸ்டு’ என்று பதிவு செய்வீர்களா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டே ஆக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் வருடக்கணக்கில் வராத பணம், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கூடுதலாக 20,000, 30,000 கட்ட மனசு வராதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் வீட்டுக் கடன், 20 வருடம். வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய், 9 சதவீதம் என்றால் சுமார் 26,990. அரை சதவீத வித்தியாசம் 20 வருடத்தில் கிட்டத்தட்ட 2.3 லட்சம்! ஸ்கோர் குறைவாக இருப்பவர்களுக்கு வட்டி கூடுவது சகஜம்.

எந்த முடிவானாலும், பணம் கட்டும் முன் கடிதம் வர வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அல்லது அவர்களுடைய அதிகாரபூர்வ மின்னஞ்சலில், கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, எப்படிப் பதிவு செய்வார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள். ஏஜென்ட்டின் சொந்த யூ.பி.ஐ.க்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், கார்டு கணக்கிலோ கடிதத்தில் உள்ள நிறுவனக் கணக்கிலோதான் கட்ட வேண்டும். அந்த ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைத்தால் அது ரிசர்வ் வங்கி விதிக்கு விரோதம். நேரத்தைக் குறித்துவைத்து வங்கிக்குப் புகார் அனுப்பலாம்.

கட்டியதும், பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும் நோ டியூஸ் சான்றிதழ் வாங்குங்கள். அடுத்த மாதமும் ரிப்போர்ட் மாறவில்லையா? சிபில் தளத்திலேயே இலவசமாக டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற ஆட்சேபம்) போடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். 2024 ஏப்ரல் முதல், புகார் 30 நாளில் தீராவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

‘பத்தாயிரம் கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்பவர்களிடம் போகாதீர்கள். தவறான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

கணக்கு மூடியவுடனே வங்கி வங்கியாக விண்ணப்பிக்கவும் வேண்டாம். கடன் கேட்கும்போது ஒவ்வொரு வங்கியும் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது அதிலேயே பதிவாகும். ஒரு சிறு டெபாசிட்டை வைத்து அதன் பேரில் கார்டு வாங்கி, ஒரு வருடமாவது தவறாமல் முழு பில்லையும் கட்டிவாருங்கள். அதன்பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது நோ டியூஸ் சான்றிதழின் நகலை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.